சேர்த்து வைக்கக் கூடாதவை

அறிக்கை படிக்கப்பட்டபோது அந்த வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பூவனலிங்கம், அவருடைய மகன் செல்வகணேஷ், மருமகள் தீபலட்சுமி, வக்கீல் நவநீதகிருஷ்ணன், போர்மேன் சுந்தரபாண்டி. ஆறாவதாக ஒருவரும் இல்லை. பெயர்களைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. தாங்களும் அங்கே இருந்து காதால் கேட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் ஒரு டஜன் பேராவது இருப்பார்கள்.

வக்கீலும் செல்வகணேஷும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். பூவனலிங்கம் தம் வழக்கப்படி மர நாற்காலியில், முதுகு சாயாமல். எழுபத்தொரு வயதில் அவர் எங்கேயும் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சுந்தரபாண்டி, உட்காரச் சொல்லியும் உட்காராமல், சுவரோரம் நின்றார். தீபலட்சுமி அப்போதுதான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் உள்வாசலில் நின்றாள்.

பதினோரு பக்க அரசாங்க விசாரணை அறிக்கை, முழுக்க இங்கிலீஷ். விஜயதசமி அன்று பூவனலிங்கத்தின் தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள்) நடந்த தீ விபத்தைப் பற்றியது. விபத்து நடந்து நாலு மாதத்துக்கு மேல் ஆகி, மாசி பிறந்த பிறகுதான் பதிவுத் தபாலில் வந்தது. வக்கீல் ஒவ்வொரு பத்தியாகப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். கட்டடம் சரி. கதவுகள் வெளிப்பக்கம் திறக்கின்றன, சரி. கரண்டால் வந்த நெருப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் பூவனலிங்கம் தலையை ஒரு தடவை அசைத்தார்.

ஒன்பதாம் பக்கத்தில், செத்துப்போன சுகுணா ஆஸ்பத்திரியில் வைத்து மாஜிஸ்திரேட்டிடம் சொன்னது இருந்தது. வக்கீல் அதை மட்டும் வேகமாகப் படித்தார். “தட்டுல காஞ்சிருந்ததச் சுரண்டினேன். வேற ஒண்ணும் செய்யல.” அவ்வளவுதான் அவள் சொல்லியிருந்தாள். அதைச் சொல்லி முடித்து, நாலாம் நாள் காலையில் போய்விட்டாள். இருபத்தாறு வயது.

அதற்கு அடுத்த வரியில் நெருப்புக்குக் காரணம் எழுதியிருந்தது. ‘இன்கம்பேட்டிபிள்’ பொருள்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன, லேசான உராய்வே போதுமானதாக இருந்திருக்கிறது என்று. வக்கீல் அந்த இங்கிலீஷ் வார்த்தையை அப்படியே வாசித்துவிட்டு, அது வெறும் கெமிஸ்ட்ரி வார்த்தை, அதில் நமக்குப் பாதகமாக ஒன்றும் இல்லை என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

பூவனலிங்கம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

அவர் இங்கிலீஷ் அறியாதவர் அல்ல. தூத்துக்குடி ஏஜெண்டுகளுக்கும் டெல்லி ஆபீஸ்களுக்கும் நாற்பது வருஷமாகக் கடிதம் எழுதியவர். ஆனால் இந்த வார்த்தையை அவர் எந்தக் கடிதத்திலும் சந்தித்ததில்லை. தெரியாத ஒரு வார்த்தையின் கீழே தம் கையெழுத்து விழுவதை அவர் ஒருநாளும் அனுமதித்ததில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்த அறிக்கையை நம்பி அவர் ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த ஒருவர் சுகுணாவின் தகப்பனார் கோபாலசாமி. புதூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஆட்டுக் கிடை போடுகிறவர். மகள் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தபோது கோவில்பட்டிக்குப் பஸ் ஏறி வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. வெளிக்கதவுக்கு அந்தப் பக்கமே நின்றார். அவரும் யார் முன்னாலும் முதுகு வளைக்காத ஆள்தான். மகளுடைய செல்போன் கையில் இருந்தது. ஆபீசுக்குள் போகுமுன் பெண்கள் எல்லாரும் போனைக் கேட்டில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சுகுணாவின் போன் அன்று அந்தப் பெட்டியில்தான் கிடந்தது. சுந்தரபாண்டிதான் அதை எடுத்துக் கோபாலசாமி கையில் கொடுத்திருந்தார்.

ஊரிலோ பேச்சு வேறு மாதிரி இருந்தது. அது எங்கே பிறந்தது என்று பூவனலிங்கத்துக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில், யாரோ ஒரு பத்திரிகைக்காரர் கேட்டதற்கு, “போன் பேசிக்கிட்டே வேலை பாத்திருக்கா” என்று செல்வகணேஷ் சொன்னபோது அவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நாலு பேர் இருக்கிற இடத்தில் மகனைப் பொய்யன் ஆக்க வேண்டாம், வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். வீட்டில் போயும் சொல்லவில்லை. அந்தப் பேச்சு விளாத்திகுளம் போய்ச் சேரும்போது, போனில் மறுபக்கம் ஒரு ஆண்பிள்ளை சேர்ந்திருந்தான். புதூர் போகையில் அவன் கல்யாணம் ஆனவன் ஆகிவிட்டான். கடைசியில், அவன் கைவிட்டதால் அவளே கொளுத்திக்கொண்டாள் என்று முடிந்தது. அவள் தங்கை காளீஸ்வரிக்குப் பூ வைத்துவிட்டுப் போன மாப்பிள்ளை வீட்டார், தேதி குறிக்க வரவில்லை.

கோபாலசாமி கேட்டது ஒன்றே ஒன்று. “மொதலாளி, போனு வெளியதான் இருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். ஒங்க வார்த்தைய ஊரு தட்டாது.”

“ரிப்போர்ட் வரட்டும், கோபாலசாமி. வந்தன்னைக்கு நானே ஒங்க ஊருக்கு வந்து சொல்லுதேன்.”

ரிப்போர்ட் வந்துவிட்டது. இப்போது அதில் ஒரு வார்த்தை அவருக்குப் புரியவில்லை.

“தீபா, இது என்ன வார்த்தைம்மா?” என்று தாளை நீட்டினார்.

தீபலட்சுமி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். அந்த வீட்டில் தொழில் பேச்சு நடக்கும் இடத்தில் யாரும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை. செல்வகணேஷ் பாதி சிரிப்போடு, பிள்ளைகளுக்கு நோட்ஸ் எழுதிப் போடுகிறவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் விஷயம் என்ன தெரியும் என்றார். அவள் புருஷனைப் பார்க்கவில்லை. வரியை இரண்டு தடவை படித்தாள்.

“லேபுல அலமாரிக் கதவுல ஒரு பட்டியல் ஒட்டிருப்போம் மாமா. எதை எது பக்கத்துல வைக்கக் கூடாதுன்னு. அதுக்குத் தலைப்பே இந்த வார்த்தைதான்.”

“அப்ப எது மேல குத்தம்னு சொல்லுதான்? குச்சி மருந்து மேலயா, பெட்டி மருந்து மேலயா?”

“ரெண்டுல எது கெட்டதுன்னு இந்த வார்த்தை சொல்லாது. தனித்தனியா இருந்தா ரெண்டும் அதுபாட்டுக்குக் கிடக்கும். கலந்து காஞ்சிருச்சுன்னா, நெருப்பு வெளிய இருந்து வர வேண்டியதில்ல. லேசா ஒரு சுரண்டு போதும்.” கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். “எப்படிக் கலந்துச்சுன்னுதான் கடைசிப் பக்கத்துல கேட்டிருக்காங்க. பதினஞ்சு நாளுல பதில் எழுதணும். நம்ம மருந்து மூட்டை மேலயே இந்த வார்த்தை அச்சடிச்சிருக்கும் மாமா.”

பூவனலிங்கம் சுந்தரபாண்டியைப் பார்த்தார். சுந்தரபாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டி தெரியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குச்சியின் தலையில் இருப்பது ஒரு மருந்து. பெட்டியின் பக்கத்தில் பழுப்பாகப் பூசியிருப்பது வேறு மருந்து. இரண்டும் உரசினால்தான் நெருப்பு. பூவனலிங்கத்தின் தகப்பனார் ஆபீஸ் ஆரம்பித்த நாளிலேயே, குச்சி மருந்துக்கு வடக்கு ரூம், பெட்டி மருந்துக்குத் தெற்கு ரூம், நடுவில் திறந்த முற்றம் என்று கட்டினார். வடக்கு ரூமைக் கூட்டும் வாரியல் தெற்கு ரூமுக்குப் போகக் கூடாது. கைகழுவும் குழாய் தனித்தனி. கந்தல் துணிகூட இந்த ரூம் பெண் அந்த ரூம் பெண்ணுக்குக் கடன் கொடுக்க மாட்டாள். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், இது என்ன சம்பந்தி வீட்டுச் சண்டையா என்று கேலி செய்வார்கள். ஏன் என்று அவர் யாருக்கும் விளக்கியதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. நாளடைவில் அது சாவு வீட்டுக்குப் போய் வந்தால் குளிப்பது மாதிரி, காரணம் தேவைப்படாத ஒரு வழக்கமாகிவிட்டது.

ஆயுத பூஜையும் அப்படித்தான். வடக்கு ரூம் சாமான்களுக்கு வடக்கு ரூமில் பூஜை, தெற்கு ரூமுக்குத் தெற்கில். இரண்டு இடத்திலும் சின்னதாகப் பொரிகடலை, ஒரு சூடம். இந்தத் தடவை பூஜைக்கு முன்னால் முற்றத்துக்குத் தகரக் கூரை போட்டுப் பெரிய ஹாலாக ஆக்கியிருந்தார்கள். அந்த ஹாலில், ஆபீசுக்கு ஒரே பூஜையாக, வந்தவர்கள் கண் நிறையும்படி செய்ய வேண்டும் என்று பூவனலிங்கத்துக்கு ஆசை. சொந்தக்காரர்களையும் பக்கத்து ஆபீஸ்காரர்களையும் கூப்பிட்டிருந்தார். வாழைக்கன்று கட்டி, ஒரு நீளப் பலகை போட்டு, இரண்டு ரூம் தட்டுகளும் பிரஷ்களும் சுரண்டும் தகடுகளும் அதில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அப்போது சுந்தரபாண்டி அவர் காதருகே வந்து, பெட்டி மருந்துச் சாமானை மட்டும் தனியாக வேறு பலகையில் வைத்துவிடலாமா என்று கேட்டார்.

“சாமி முன்னால என்ன பாண்டி வடக்கு, தெக்கு? எல்லாம் ஒண்ணுதான். வையி.” பக்கத்து ஆபீஸ்காரர்கள் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள்.

தெற்கு ரூமில் ஏழு வருஷமாக வேலை பார்த்த சுகுணாவைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கச் சொன்னதும் அவர்தான். அவள் ஈரத்துணி ஒன்றை எடுத்து, பலகையின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை ஒவ்வொரு தட்டாகத் துடைத்தாள். மூலை முடுக்கெல்லாம் விட்டுவைக்காமல் துடைத்தாள். பொட்டுகள் ஒன்றுபோல் ஒரே அளவில் இருந்தன. பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று பூவனலிங்கம் எல்லார் முன்னிலையிலும் சொல்லி, முதல் பொரிப் பொட்டலத்தை அவளுக்குத்தான் கொடுத்தார். மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் வேலையைத் தொட்டுத் தொடங்கிவிட்டுப் போகலாம் என்று வந்த ஐந்தாறு பேரில் அவளும் ஒருத்தி. தெற்கு ரூமில் அன்று அவள் மட்டும்தான். தன் தட்டை எடுத்தாள். ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்ததைச் சுரண்டினாள்.

இதை எல்லாம் பூவனலிங்கம் ஏதோ ஒரு ஓரத்தில் நாலு மாதமாக அறிந்தே இருந்தார். ஆனால் அறிந்ததை அவர் ஒருதடவைகூட ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிப் பார்த்ததில்லை. மருமகள் அந்த ஒரு வார்த்தையைச் சொன்ன பிறகு, அடுக்காமல் இருக்க முடியவில்லை.

வக்கீல் பதிலைத் தயாராகவே கொண்டுவந்திருந்தார். இரண்டு ரூம் சாமான்களையும் கலக்கக் கூடாது என்ற கண்டிப்பான வழக்கம் ஆபீசில் எழுபது வருஷமாக உண்டு. அதை மீறி, ஒரே துணியால் துடைத்துக் கலந்துவிட்டவள் அந்தத் தொழிலாளியே. இதுதான் சாரம். ஒரு வரிகூடப் பொய் இல்லை என்று வக்கீல் சொன்னார். அது உண்மைதான். பூஜை என்ற சொல் மட்டும் அதில் எங்கேயும் இல்லை.

செல்வகணேஷ் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். குரல் தாழ்ந்திருந்தது. லைசென்ஸ் போனால் திரும்ப வராது, தாத்தா காலத்து லேபிள் அதோடு சரி, பதினெட்டுக் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “செத்தவளுக்கு இனி என்னப்பா வரப்போவுது? இருக்கவங்களப் பாருங்க.”

பூவனலிங்கம் தாளை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் காலை அவர் கடம்பூர் ரோட்டில் இருக்கும் ஆபீசுக்குப் போனார். தெற்கு ரூமுக்குச் சீல் வைத்திருந்தது. கதவுக்கு மேலே சுவர் கறுத்திருந்தது. குடோன் சாவி அவரிடம் இருந்தது. உள்ளே போய், அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றைத் தம் பக்கம் திருப்பிக் கண்ணாடியைப் போட்டார். கம்பெனிப் பேருக்குக் கீழே, எடைக்குக் கீழே, பொடி எழுத்தில் நாலைந்து வரி. மூன்றாவது வரியில் அந்த வார்த்தை இருந்தது. ஒவ்வொரு மூட்டையிலும் இருந்தது. இந்த மூட்டைகளைத்தான் அவர் நாற்பது வருஷமாக லாரியிலிருந்து இறக்கி அடுக்க வைத்திருக்கிறார்.

இதை வாசிக்கவில்லை, வார்த்தை தெரியாது என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர் தமக்குத்தாமே பொய் சொல்லிப் பழகியவர் அல்ல. வார்த்தைதான் தெரியாது, விஷயம் தெரியும். இரண்டு வாரியலும் இரண்டு குழாயும் அவருக்குச் சின்ன வயதிலேயே அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டன. அவற்றைவிடத் தம் பெருமை உசத்தி என்று ஒரே ஒரு நாள் நினைத்தார்.

சுந்தரபாண்டி கேட்டருகே நின்றிருந்தார். ஆபீஸ் மூடிக் கிடந்தாலும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்.

“பாண்டி, பலகை போட்டன்னைக்கு நீ எங்கிட்ட ஒண்ணு கேட்டியே. விசாரணைக்கு வந்தவன்கிட்ட அதச் சொன்னியா?”

“சொல்லல அண்ணாச்சி. சொல்லவும் மாட்டேன். ஒங்க உப்பத் தின்னவன்.”

“அவளும்தான தின்னா.”

சுந்தரபாண்டி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தமக்காக ஒரு மனிதன் வாயைக் கட்டிக்கொண்டு நாலு மாதம் நின்றிருக்கிறான் என்பது, அந்த மூட்டை எழுத்தைவிடப் பூவனலிங்கத்துக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அந்த வீட்டுக்காக இதுவரை யாரும் பொய் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அன்று சாயங்காலம் மருமகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், பேனாவும் தாளும் எடுத்து வரச் சொன்னார். பதிலை அவரே சொல்லுவார், தமிழில், அவள் எழுத வேண்டும். எழுத உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே அந்த வார்த்தையில் வந்து நின்றுவிட்டார்கள். தமிழில் இதற்கு என்ன?

‘ஒவ்வாத பொருள்கள்’ என்று போடலாம் என்றாள் தீபலட்சுமி. கத்திரிக்காய் தின்றால் உடம்பு தடிக்குமே, அதல்லவா ஒவ்வாதது என்றார் அவர். ‘பொருந்தாதவை’ என்றாள். ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்றார். ‘ஒன்றுக்கொன்று ஆகாதவை’ என்றாள். அது பங்காளிகளைச் சொல்லுவது என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அவருக்கு வரவில்லை.

“எல்லா வார்த்தையும் சாமான் மேலயே பழியப் போடுதும்மா. அதுக என்ன செய்யும்? கொண்டாந்து சேத்தவன் ஒருத்தன் இருக்காம்லா, அவன் எங்க?”

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு, ‘சேர்த்து வைக்கக் கூடாதவை’ என்று சொன்னாள். வகுப்பில் அதைத்தான் கடைசியில் பிள்ளைகளுக்குச் சொல்வாளாம். பூவனலிங்கம் அதைத் தாமும் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எழுது என்றார். சேர்த்து வைக்கக் கூடாதவை என்று தெரிந்திருந்தும், போர்மேன் தடுத்தும், பூஜைக்காக ஒரே பலகையில் வைக்கச் சொன்னதும் எல்லாவற்றையும் துடைக்கச் சொன்னதும் உரிமையாளனாகிய நான். தொழிலாளி சுகுணா சொன்னதைச் செய்தார். அவரிடம் செல்போன் இல்லை. அவ்வளவுதான் பதில். அரைப்பக்கம்.

எழுதி முடித்தபோது தீபலட்சுமியின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு தாளில் விழுந்துவிட்டது. வேறு தாளில் எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று அதிலேயே கையெழுத்துப் போட்டார்.

செல்வகணேஷ் வெளியிலிருந்து வந்து அதைப் படித்தார். முதலில் மனைவியைத்தான் திட்டினார். படித்தவள் புகுந்த வீட்டைக் கொளுத்த வந்தாள் என்றார். பூவனலிங்கம் அவரை நிறுத்தினார். எழுதியது அவள் கை, சொன்னது என் வாய் என்றார்.

“சாமி கும்பிட்டது ஒரு குத்தமாப்பா?”

“சாமி கேக்கலியே. ஒரே பலகைன்னு நான்தான கேட்டேன்.”

“இனி நாம ஊருல தல நிமிந்து நடக்க முடியுமா?”

“நாலு மாசமா நான் நிமிந்து நடந்தம்லா,” என்றார் பூவனலிங்கம். “அதான்லே தப்பு.”

கடிதத்தை அவரே தபாலாபீசில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கு மறுநாள் விளாத்திகுளம் பஸ்ஸில் ஏறினார். கார் வேண்டாம் என்றுவிட்டார். அங்கிருந்து புதூர், புதூரிலிருந்து ஒரு மினி பஸ். கொத்தமல்லி அறுத்த கரிசல் காடுகள் வெடித்துக் கிடந்தன. கிராமத்து நிறுத்தத்தில் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவர் யார் என்று அவர்களுக்குத் தெரியும். கோபாலசாமி வீடு எங்கே என்று கேட்டுவிட்டு, நீங்கள் எல்லாரும் கூட வரணும் என்றார். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தார்கள்.

கோபாலசாமி கிடையில் இருந்தார். ஆள் போய்க் கூட்டி வந்தார்கள். அதுவரை வீட்டு முற்றத்து வெயிலில் பூவனலிங்கம் நின்றார். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள், உட்காரவில்லை. சுகுணாவின் அம்மா சுப்புத்தாய் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் காளீஸ்வரி நிற்பது தெரிந்தது.

கோபாலசாமி வந்து எதிரே நின்றதும், பூவனலிங்கம் கூட்டத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“சுகுணா போன் பேசல. போனு வெளிய, கேட்டுல உள்ள பெட்டியில கிடந்துச்சு. அவளாக் கொளுத்திக்கிடவும் இல்ல. சேத்து வைக்கக் கூடாத ரெண்டு மருந்துச் சாமானையும் ஒரே பலகையில வைக்கச் சொன்னவன் நான். எல்லாத்தையும் தொடைன்னு அவகிட்டச் சொன்னவனும் நான். பாண்டி தடுத்தான், நான் கேக்கல. கவர்மெண்டுக்கும் இதத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.”

சுப்புத்தாய் சத்தம் இல்லாமல் நிலையோடு சரிந்து உட்கார்ந்தாள். கூட்டத்தில் பின்னால் நின்ற ஒரு ஆள், செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்து, அப்படியே நகர்ந்து போய்விட்டார். சுகுணாவைப் பற்றி அதிகமாகப் பேசியவர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

கோபாலசாமி அந்த ஆள் போவதைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தார். மொதலாளி என்று கூப்பிடவில்லை. எப்படியும் கூப்பிடவில்லை.

“எம்மக எரிஞ்சது ஒரு நாளு. நீங்க வாயத் தொறக்காம இருந்தது நூத்தி முப்பது நாளு. நான் எண்ணுனேன்.”

ரிப்போர்ட் வரட்டும் என்று இருந்தேன் என்று சொல்லப் பூவனலிங்கத்துக்கு நாக்கு எழவில்லை. போன் வெளியே இருந்தது என்பதைச் சொல்ல எந்த ரிப்போர்ட்டும் தேவைப்பட்டிருக்காது. கோபாலசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வழியே கிடைக்குத் திரும்பி நடந்தார்.

காளீஸ்வரிக்குப் பூ வைத்த பையனுக்குத் தை மாதமே வேறு இடத்தில் கல்யாணம் முடிந்திருந்தது. பூவனலிங்கத்துக்கு அது தெரியாது. காளீஸ்வரிதான் சொன்னாள். எல்லாரும் கலைந்த பிறகு வாசலுக்கு வந்து, “கொஞ்சம் முன்னால வந்திருக்கலாம்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரிடம் சொல்லுவது போலச் சொன்னாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. நிறுத்தத்தில் நிழல் இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். டீக்கடையிலிருந்து யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். பஸ் வந்தபோது படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். கண்டக்டர் இறங்கி வந்து, ஏறுங்க பெரியவரே என்று தோளைத் தாங்கி ஏற்றினார். உட்கார்ந்த இடத்தில் முதல்தடவையாக முதுகைச் சாய்த்துக்கொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. பக்கத்து சீட்டில் மிளகாய் மூட்டை இருந்ததால், நெடி என்று நினைத்திருப்பார்கள்.

லைசென்ஸ் போய்விட்டது. வழக்கு நடக்கிறது. கூப்பிட்ட தேதிக்கெல்லாம் பூவனலிங்கம் போகிறார், கேட்டதற்கு ஆமாம் என்கிறார். சுந்தரபாண்டி வேறு ஆபீசில் சேர்ந்துவிட்டார். செல்வகணேஷ் அதே வீட்டில்தான் இருக்கிறார், அப்பாவோடு பேசுவதில்லை. வேண்டியதை மனைவி மூலம் சொல்லி அனுப்புகிறார். புதூர் பக்கம் சுகுணாவைப் பற்றி இப்போது யாரும் தப்பாகப் பேசுவதில்லை. வேறு விதமாகவும் பேசுவதில்லை. அவளைப் பற்றிப் பேச்சே நின்றுவிட்டது.

அதற்குப் பதிலாக ஒரு கதை கிளம்பியிருக்கிறது. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொல்கிறார்கள். பூவனலிங்கம் உண்மையைச் சொன்னதும் கோபாலசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம், நடந்தது நடந்துபோச்சு என்று மன்னித்தாராம், சுப்புத்தாய் செம்பு நிறைய மோர் கொடுத்து வழியனுப்பினாளாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. கோபாலசாமி கையைப் பிடிக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. அந்த வீட்டில் பூவனலிங்கத்துக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.